ஓவியக் கண்காட்சிக்குப் பிள்ளைகளை எங்கே அழைத்துப் போவது? வேலூரிலிருந்து ஓர் ஒப்பீடு

வேலூர், காட்பாடி, இராணிப்பேட்டைப் பக்கத்துப் பள்ளிகளில் கல்விச் சுற்றுலா என்றால் வண்டலூர், மகாபலிபுரம், காசு குறைவாக இருந்தால் ஏலகிரி. ஓவியக் கண்காட்சிக்குப் போகலாம் என்று யாராவது எச்.எம். மேஜையில் கடிதம் வைத்தால், "அங்க போய் பசங்க என்ன சார் பண்ணுவாங்க?" என்ற கேள்விதான் முதலில் வரும். நியாயமான கேள்வி. படத்தை மட்டும் காட்டிவிட்டுத் திரும்பினால் அரை மணி நேரத்தில் பிள்ளைகள் சலித்துப்போய் வாட்டர் பாட்டிலைத் திறந்துகொண்டு ஓரமாக உட்கார்ந்துவிடுவார்கள்.

ஆனால் அந்தப் படத்துக்கு யார் காசு கொடுத்தார்கள், யாருக்காக வரைந்தது, வரைந்தவர் எப்படிக் குடும்பம் நடத்தினார் என்று கேட்கப் பழக்கிவிட்டு அழைத்துப் போனால் நிலைமை மாறிவிடுகிறது. நம் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு இந்தக் கேள்வி ரொம்பவே நெருக்கமானது. ஒன்பதாம் வகுப்பு வரை அருமையாக வரைகிற பிள்ளை பத்தாம் வகுப்பில் பென்சிலை வைத்துவிடுகிறது. ஷூ கம்பெனியில் நாள் முழுக்க நின்று தைத்துவிட்டு வருகிற அம்மா, "இது நாளைக்குச் சோறு போடுமா?" என்று கேட்கிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அந்தக் கேள்விக்கு நேர்மையான பதில் ஓவியர்களையும் அவர்களை ஆதரித்தவர்களையும் பற்றிய கதைகளில்தான் இருக்கிறது. ஓவிய ஆசிரியனாக நான் சுற்றுலாவைத் தேர்ந்தெடுப்பதும் அதை மனத்தில் வைத்துத்தான்.

ஒரு நாளில் போய்த் திரும்பக்கூடியவையாக இரண்டு, இரவு தங்க வேண்டியதாக ஒன்று என மூன்று இடங்கள் நம் கைக்கு எட்டும். எழும்பூர் அருங்காட்சியகமும் அதைச் சுற்றியுள்ள சென்னையும், கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஈஞ்சம்பாக்கத்துச் சோழமண்டல ஓவியர் கிராமம், பிறகு பெங்களூர். நம் கோட்டையை நான் ஒரு முன்னோட்டமாக மட்டும் வைத்துக்கொள்கிறேன்.

அந்த முன்னோட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். வேலூர்க் கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலின் கல்யாண மண்டபத் தூண்களை நம் பிள்ளைகள் பிறந்ததிலிருந்து பார்த்து வளர்கிறார்கள். தூணில் பாயும் யாளியையும் குதிரையையும் செதுக்கியவர் பெயர் யாருக்கும் தெரியாது. 16-ஆம் நூற்றாண்டில் இந்த ஊரை ஆண்ட சின்ன பொம்மு நாயக்கரின் பெயர் தெரியும். அத்வைத அறிஞர் அப்பைய தீட்சிதரை ஆதரித்தவர் அவர். கொடுத்தவர் பெயர் நின்று, செய்தவர் பெயர் மறைந்த காலம் அது. நவீன ஓவியத்தில் இது தலைகீழாகிறது. செய்தவர் பெயரை எல்லோரும் சொல்கிறார்கள், காசு கொடுத்தவரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். சுற்றுலாவுக்கு முந்தைய வாரம் ஒரு மாலையில் கோட்டைக்கு நடத்திக் கூட்டிப்போய் இதை மட்டும் பேசிவிட்டு வந்தால் போதும். ஆறாவது, ஏழாவது பிள்ளைகளுக்கு அந்த வருடத்துக்கு இதுவே நிறைவானது. கீழே வருவதெல்லாம் எட்டாவதுக்கு மேல்.

எழும்பூர்: ராஜாக்களும் சர்க்காரும்

செலவு குறைவானது இதுதான். காட்பாடியில் காலை ஏலகிரி எக்ஸ்பிரஸ் ஏறினால் அலுவலக நேரத்துக்கு முன்பே சென்ட்ரலில் இறங்கிவிடலாம், மாலையில் அதே வண்டியில் திரும்பலாம். பள்ளிச் சுற்றுலாவுக்கு ரயில்வேயில் மாணவர் சலுகை உண்டு. தலைமை ஆசிரியரின் கடிதத்தோடு முன்கூட்டியே ஸ்டேஷனில் விண்ணப்பிக்க வேண்டும்.

எழும்பூர் அரசு அருங்காட்சியக வளாகத்துக்குள் நுழைந்ததும் எல்லாக் கட்டடத்தையும் காட்ட ஆசை வரும். வேண்டாம். செப்புத் திருமேனிகள், திமிங்கல எலும்பு, நாணயம் என்று சுற்றினால் ஓவியத்துக்கு வரும்போது பிள்ளைகளுக்குக் கால் வலி வந்திருக்கும். வளாகத்தில் சிவப்புக் கல்லில் நிற்கும் தேசிய ஓவியக் கூடம் 1909-இல் திறக்கப்பட்டது. ஹென்றி இர்வின் வரைந்த கட்டடம். ரவி வர்மாவின் அசல் ஓவியங்கள் இந்த அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கின்றன. எந்தக் கூடம் திறந்திருக்கிறது, எந்தப் படம் இப்போது காட்சியில் இருக்கிறது என்று போன் செய்து கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். வெள்ளிக்கிழமை விடுமுறை.

புரவலர் கதைக்கு ரவி வர்மாவை விட நல்ல தொடக்கம் கிடையாது. கிளிமானூரில் 1848-இல் பிறந்தவர். இளம் வயதில் அவரைத் தாங்கியவர் திருவிதாங்கூர் மன்னர் ஆயில்யம் திருநாள். 1873-இல் சென்னைக் கண்காட்சியில் தங்கப் பதக்கம் வாங்கினார். அடுத்த சில ஆண்டுகளில் அவருடைய சகுந்தலை ஓவியத்தைச் சென்னை கவர்னராக இருந்த பக்கிங்ஹாம் கோமகன் வாங்கினார். பரோடா மன்னர் புராணக் காட்சிகளை வரைந்து தரச் சொன்னார். இதுவரை ராஜாக்களும் கவர்னரும். 1894-இல் அவர் பம்பாயில் அச்சகம் தொடங்கினார். அச்சடித்துப் பரப்பும் யோசனையைச் சொன்னவர்களில் திவான் மாதவ ராவும் ஒருவர். அரண்மனைச் சுவரில் இருந்த சரஸ்வதியும் லட்சுமியும் அதன்பிறகு வீட்டுச் சுவருக்கு வந்தார்கள். ஆற்காட்டிலோ ஆரணியிலோ மளிகைக் கடைக் கல்லாவுக்கு மேலே மாட்டியிருக்கும் காலண்டர் லட்சுமிக்கு மூதாதை அவர்தான். ஒரு மன்னருக்குப் பதிலாக ஆயிரக்கணக்கான வீடுகள் புரவலர் ஆகிவிட்டன. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை, "உங்க வீட்டுப் பூஜை அறையில யார் படம் இருக்கு?" என்று கேட்டால் போதும்.

அங்கிருந்து பெரியமேடு பக்கம்தான். 1850-இல் அலெக்சாண்டர் ஹன்டர் தொடங்கிய ஓவியப் பள்ளி இன்று அரசு கவின் கலைக் கல்லூரி. முன் அனுமதி வாங்கினால் மாணவர்கள் களிமண் பிசைவதையும் கேன்வாஸ் இழுத்துக் கட்டுவதையும் நம் பிள்ளைகள் கிட்டே நின்று பார்க்கலாம். இந்தக் கல்லூரியை விட்டுவிடாதீர்கள். ஓவியம் படிக்க ஒரு அரசு இடம் இருக்கிறது, ப்ளஸ் டூ முடித்துவிட்டு இங்கே சேர முடியும் என்பதே நம் ஊர்ப் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குப் புதுச் செய்தி. இதே கல்லூரியின் முதல்வராக இருந்த ஏ.பி. சந்தானராஜ் 1932-இல் திருவண்ணாமலையில் பிறந்தவர். அன்று அது வட ஆற்காடு மாவட்டம்தான். நம் மண்ணில் பிறந்த ஒருவர் கோடுகளைக் கொண்டே தென்னிந்திய நவீன ஓவியத்தில் தனி இடம் பிடித்தார் என்று அந்த வாசலில் நின்று சொல்லும்போது பிள்ளைகளின் முதுகு நிமிர்வதைப் பார்க்கலாம்.

நேரம் இருந்தால் மெரினாவில் உழைப்பாளர் சிலை. 1929 வாக்கில் அந்தப் பள்ளியின் முதல் இந்திய முதல்வராக வந்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்தது, 1959-இல் நிறுவப்பட்டது. நான்கு பேர் ஒரு பாறையை நெம்புகிறார்கள். அந்தக் கால் விரல்கள் மண்ணில் ஊன்றி நிற்கும் விதத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். அரண்மனைக்காரர் தன் சுவருக்காக வாங்கிய படத்துக்கும், மக்கள் நடமாடும் கடற்கரையில் நிற்கும் இந்தச் சிலைக்கும் உள்ள வேறுபாட்டைப் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள்.

குறை என்ன? எல்லாமே பெரியது, பழையது, கயிறு கட்டி வைத்தது. தொடக் கூடாது, ஓடக் கூடாது. விளக்கப் பலகைகள் சுருக்கமானவை. ஆசிரியர் முன்கூட்டிப் படித்துக்கொண்டு வராவிட்டால் கூடம் வாய் திறக்காது. நாற்பது பிள்ளைகளோடு சென்ட்ரலிலிருந்து எழும்பூர், பெரியமேடு, மெரினா என்று டவுன் பஸ் மாறுவதும் லேசான வேலை இல்லை. உதவிக்கு இன்னும் இரண்டு ஆசிரியர்கள், அதில் கட்டாயம் ஒரு பெண் ஆசிரியர் வேண்டும்.

சோழமண்டலம்: தங்களைத் தாங்களே ஆதரித்தவர்கள்

ராய் சௌத்ரியிடம் படித்து, அவருக்குப் பின் முதல்வரானவர் கே.சி.எஸ். பணிக்கர். தன்னிடம் படித்து வெளியேறும் மாணவர்கள் ஒவ்வொருவராக விளம்பரக் கம்பெனிக்கும் அலுவலக வேலைக்கும் போய், ஓவியத்தை விட்டுவிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாங்க ராஜாவும் இல்லை, கவர்னரும் இல்லை. சென்னையில் நவீன ஓவியத்தைக் காசு கொடுத்து வாங்குகிற ஆட்களும் அப்போது சொற்பம். கைவினைப் பொருள் செய்து விற்பதற்காக ஓவியர்கள் ஒரு சங்கம் அமைத்தார்கள். மாலையில் கல்லூரி நேரம் முடிந்ததும் பாத்திக் துணி செய்தார்கள். அதில் வந்த காசைச் சேர்த்துக் கடலோரத்தில் நிலம் வாங்கி 1966-இல் சோழமண்டல ஓவியர் கிராமத்தைத் தொடங்கினார்கள். அன்று அங்கே சவுக்கும் மணலும்தான்.

நம் பிள்ளைகளுக்கு இந்தப் பாத்திக் விஷயத்தை விரிவாகச் சொல்ல வேண்டும், முடிந்தால் பள்ளியிலேயே செய்து காட்ட வேண்டும். துணியில் எங்கே சாயம் ஏறக் கூடாதோ அங்கே உருக்கிய மெழுகைத் தூரிகையால் தடவுவது. துணியைச் சாயத் தொட்டியில் முக்கும்போது மெழுகு இருக்கும் இடம் வெள்ளையாகவே நிற்கும். மெழுகு நொறுங்கிய இடங்களில் சாயம் கசிந்து மயிரிழைக் கோடுகள் ஓடும். அடுத்த நிறத்துக்கு மறுபடி மெழுகு, மறுபடி தொட்டி. கடைசியில் வெந்நீரில் மெழுகை எடுத்துவிட வேண்டும். ஆரணியிலும் குடியாத்தத்திலும் தறிக் குடும்பங்களிலிருந்து வரும் பிள்ளைகளுக்குச் சாயத் தொட்டியும் விரல் நகத்தில் ஒட்டும் நிறமும் புதிதல்ல. ஓவியர்கள் இந்த வேலையைச் செய்து நிலம் வாங்கினார்கள் என்றால் நம்புவார்கள், மதிப்பார்கள்.

அங்கே 2009-இல் திறந்த சென்னை இயக்க ஓவியர்களின் (சென்னை ஓவியக் கல்லூரியைச் சுற்றி உருவான நவீன ஓவியர்களின்) அருங்காட்சியகம் இருக்கிறது. எழும்பூரை ஒப்பிட்டால் சின்னது. அதுவே பெரிய வசதி. ஒன்றரை மணி நேரத்தில் ஒரு வகுப்பு முழுக்க நிதானமாகப் பார்த்து முடிக்கலாம். பணிக்கரின் "சொற்களும் குறியீடுகளும்" வரிசையை அவர் 1963-இல் தொடங்கினார். கட்டங்கள், வாசிக்க முடியாத எழுத்துகள், எண்கள், ஓரத்தில் ஒரு மீனோ பறவையோ போல ஏதோ ஒன்று. பெரியவர்கள் இதன் முன் நின்று, புரியவில்லையே என்று சங்கடப்படுவார்கள். குடியாத்தம் பக்கத்துப் பையன் ஒருவன் அந்த மாதிரிப் படம் ஒன்றைப் பார்த்த மாத்திரத்தில், "சார், எங்க தாத்தா ஜாதக நோட்டாட்டமே கீது சார்" என்றான். ஓவியர் எதைப் பார்த்துத் தூண்டப்பட்டாரோ அதையே அவன் சொன்னான். நம் ஊர் நோட்டுகளிலும் சுவர்களிலும் கிடக்கிற கோட்டையும் எழுத்தையும் வைத்தே நவீன ஓவியம் செய்ய முடியும் என்று பணிக்கர் தேடிய பாதை அது.

வெளியே மரங்களுக்கு நடுவே சிற்பங்கள் நிற்கின்றன. எஸ். நந்தகோபாலின் உலோகச் சிற்பங்களில் தகட்டை வெட்டி ஒட்ட வைத்த தடம் தெரியும். வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளை அதன் பின்பக்கத்தைத்தான் முதலில் போய்ப் பார்க்கும், பார்க்க விடுங்கள். விற்பனைக்கான கேலரியும் வளாகத்திலேயே உண்டு. அதைச் சில ஆசிரியர்கள் தவிர்த்துவிடுகிறார்கள், பிள்ளைகளை வியாபார இடத்துக்குக் கூட்டிப்போக வேண்டாம் என்று. நான் கட்டாயம் கூட்டிப்போவேன். ஒரு படத்துக்கு விலை இருக்கிறது, அதை யாரோ வாங்குகிறார்கள், அந்தக் காசில் ஒருவர் அடுத்த கேன்வாஸ் வாங்குகிறார் என்பது கண் முன்னால் தெரிய வேண்டும். "இது சோறு போடுமா?" என்ற அந்த அம்மாவின் கேள்விக்குப் பிள்ளை வீட்டில் போய்ச் சொல்ல ஏதாவது கையில் கிடைக்கிற இடம் இது. சுலபம் என்று சொல்லித் தர வேண்டாம். நிலம் வாங்கியவர்களில் எல்லோரும் அங்கே நிலைக்கவில்லை. விசுவநாதன், அக்கித்தம் நாராயணன் போன்றவர்கள் பாரிஸ் போனார்கள். கஷ்டப்பட்டார்கள், ஆனால் வழி கண்டுபிடித்தார்கள் என்பதே உண்மையான பதில்.

சிரமம் பயணத்தில் இருக்கிறது. ரயிலில் போனால் சென்ட்ரலிலிருந்து ஈஞ்சம்பாக்கம் வரை நகரத்தைக் குறுக்கே கடக்க வேண்டும், பாதி நாள் அதிலேயே போய்விடும். பஸ் எடுத்துத்தான் போக வேண்டும். காலை ஐந்தரைக்கு வேலூரை விட்டால் பூந்தமல்லிக்கு முன்பே வெளிவட்டச் சாலையில் திரும்பி வண்டலூர் வழியாகப் போகலாம், நகர நெரிசலில் மாட்டத் தேவையில்லை. பஸ் வாடகை ரயிலைப் போலப் பல மடங்கு ஆகும். ஆனால் எப்படியும் மகாபலிபுரத்துக்கு பஸ் எடுக்கிற பள்ளியாக இருந்தால், அதே கடற்கரைச் சாலையில் வடக்கே வந்தால் சோழமண்டலம். காலையில் பல்லவர் செதுக்கிய கல், மதியம் நவீனச் சிற்பம். எச்.எம். சம்மதிக்க இதைவிட நல்ல வாதம் எனக்குத் தெரியாது. வழியில் முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா இருக்கிறது. அங்கே உட்கார்ந்து சாப்பிட இடம், கழிப்பறை வசதி இரண்டும் நன்றாக இருக்கும், செவ்வாய்க்கிழமை மட்டும் விடுமுறை. மூன்றையும் ஒரே நாளில் அடைக்கப் பார்க்காதீர்கள், இரண்டோடு நிறுத்துங்கள்.

பெங்களூர்

புரவலர் என்ற பொருளை மட்டும் வைத்துப் பார்த்தால் பெங்களூர்தான் வளமானது, இதை மறைக்க முடியாது. கஸ்தூர்பா சாலை ஒன்றிலேயே இரண்டு காலம் அருகருகே நிற்கிறது. ஒன்று வெங்கடப்பா ஓவியக் கூடம். ஓவியர் கே. வெங்கடப்பாவை மைசூர் மன்னர் நான்காம் கிருஷ்ணராஜ உடையார் ஆதரித்து, வங்க ஓவியர் அபனீந்திரநாத் தாகூரிடம் படிக்கக் கல்கத்தாவுக்கு அனுப்பினார். இன்னொன்று 2023-இல் கட்டடம் திறந்த மேப் என்ற கலை, புகைப்பட அருங்காட்சியகம். தொழிலதிபரான அபிஷேக் பொத்தார் தான் சேர்த்த ஓவியங்களையும் புகைப்படங்களையும் கொடுத்து உருவாக்கியது. மன்னர் இருந்த இடத்தில் இன்று சேகரிப்பாளர். கொஞ்ச தூரத்தில் அரண்மனைச் சாலையில், மாணிக்கவேலு முதலியார் வாழ்ந்த மாளிகையில், 2009-இல் தொடங்கிய மத்திய அரசின் தேசிய நவீன ஓவியக் கூடம். திங்கட்கிழமை மேப்புக்கும் இந்தக் கூடத்துக்கும் விடுமுறை.

வெங்கடப்பா கூடத்தைத் தனியார் அறக்கட்டளையின் பொறுப்பில் விடும் திட்டத்தை 2016-இல் பெங்களூர் ஓவியர்கள் எதிர்த்து வீதிக்கு வந்தார்கள், திட்டம் நின்றது. காசு கொடுப்பவருக்கு எவ்வளவு உரிமை, மக்கள் சொத்து எது என்று ப்ளஸ் ஒன் பிள்ளைகள் ஒரு வகுப்பு முழுக்க வாதாடலாம். கல்லூரி மாணவர்களுக்கு இன்னும் பொருத்தம். ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்ரகலா பரிஷத் என்ற கலை நிறுவனம் நடத்தும் சித்ரா சந்தையில் ஓவியர்கள் தெருவோரமாகப் படங்களை வைத்து நேராக மக்களிடம் விற்கிறார்கள். அந்த நாளோடு பயணத்தைப் பொருத்த முடிந்தால் விட்டுவிடாதீர்கள். ஏர் இந்தியா 1967-இல் ஸ்பெயின் ஓவியர் சால்வடார் டாலியிடம் சாம்பல் கிண்ணம் வடிவமைத்து வாங்கிக்கொண்டு, அவர் கேட்டபடி சம்பளமாக ஒரு யானைக் குட்டியைக் கொடுத்தது, அந்தக் குட்டி போனது பெங்களூரிலிருந்துதான் என்ற கதையையும் பஸ்ஸில் சொல்லலாம். விமானக் கம்பெனியும் ஒரு காலத்தில் புரவலராக இருந்தது என்று அப்போது பதியும்.

ஆனாலும் ப்ளஸ் ஒன்னுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன். கிருஷ்ணகிரி, ஓசூர் வழியாக இருநூறு கிலோமீட்டருக்கு மேல். எலக்ட்ரானிக் சிட்டியில் ஏறும் நெரிசல் கணக்கில் அடங்காது. ஒரே நாளில் போய்த் திரும்பினால் பஸ்ஸில் இருக்கும் நேரம் கூடங்களில் இருக்கும் நேரத்தைவிட அதிகம். இரவு தங்கினால் செலவு, அனுமதி, பெண் பிள்ளைகளின் பெற்றோர் சம்மதம் எல்லாம் வேறு அளவுக்குப் போய்விடும். மாநிலம் தாண்டுவதால் பஸ்ஸுக்குப் பர்மிட்டும் வரியும் தனி. கல்லூரிக்காரர்களுக்கு இன்னொன்று: கொச்சி பியனாலே என்ற பெரிய கலைக் கண்காட்சி நடக்கும் ஆண்டாக இருந்தால், காட்பாடியில் கேரள ரயில் ஏறி அதற்கே போவது பெங்களூரைவிட நல்ல செலவு.

ஆகவே என் முடிவு இது. எட்டாம் வகுப்புக்கு எழும்பூர், ரயிலில். ஒன்பதாம் வகுப்புக்குச் சோழமண்டலம், மகாபலிபுரத்தோடு சேர்த்து. ப்ளஸ் ஒன்னுக்கும் கல்லூரிக்கும் பெங்களூர். பள்ளிக்கு ஒரே ஒரு பயணத்துக்குத்தான் காசு என்றால் மற்ற இரண்டையும் விட்டுவிட்டு ஒன்பதாம் வகுப்பைச் சோழமண்டலத்துக்கு அனுப்புவேன். பத்தாவதுக்குப் போய்ப் பென்சிலை வைத்துவிடுவதற்கு முந்தைய வருடம் அது.

எங்கே போனாலும் கையேடு என்று பத்துப் பக்கம் அச்சடித்துக் கொடுக்க வேண்டாம். ஒரு ஸ்கெட்ச் நோட்டு, ஒரு பென்சில். கூடத்தில் ஒரே ஒரு படத்தைத் தேர்ந்தெடுத்து அதன் முன் கால் மணி நேரம் உட்கார்ந்து வரைய வேண்டும். பிறகு படத்துக்கு அருகில் ஒட்டியிருக்கும் லேபிளின் கடைசி வரியை எழுதிக்கொள்ள வேண்டும். யார் கொடுத்தது, யாருடைய சேகரிப்பு என்பது அங்கேதான் சின்ன எழுத்தில் இருக்கும். லேபிள்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் என்பதால் அதில் வரும் நாலைந்து சொற்களை வகுப்பிலேயே பலகையில் எழுதிப் பழக்கிவிடுங்கள். மறுநாள் வகுப்பில் ஒவ்வொருவரும் தான் வரைந்த படத்துக்குக் காசு கொடுத்தவர் யார் என்று சொல்ல வேண்டும். லேபிளில் இல்லை என்று வருகிற பிள்ளைகளை நூலகத்துக்கு அனுப்பலாம்.

நாளைப் பொறுத்தவரை புதன் அல்லது வியாழன் நல்லது. வெள்ளியில் எழும்பூர் மூடியிருக்கும், சனி ஞாயிறில் கடற்கரைச் சாலை நகராது. நம் ஊர் வெயிலை நினைத்தால் பொங்கல் விடுமுறைக்கும் பிப்ரவரி நடுவுக்கும் இடையில் போய்விட வேண்டும். முதன்மைக் கல்வி அலுவலர் (சி.இ.ஓ.) அலுவலக அனுமதிக்குக் கடிதத்தை டிசம்பர் அரையாண்டுத் தேர்வுக்கு முன்பே கொடுத்துவிடுங்கள். பெற்றோர் ஒப்புதல் கடிதத்தில் "ஓவியக் கண்காட்சி" என்று மட்டும் போடாமல், ஓவியர்கள் எப்படிப் பிழைத்தார்கள் என்று பார்க்கப் போகிறோம் என்று ஒரு வரி சேர்த்து எழுதுங்கள். கையெழுத்துப் போடும் அம்மா அந்த வரியைப் படிப்பார்.